மான்ஹாட்டன்ல ஏலம் கேட்டுப் பிடிச்ச ஓட்டல்: இடம்தான் முதல்ல, விலை அப்புறம்

2014 ஜூன்ல நானும் அம்மாவும் நியூயார்க் போயிட்டு, தென்னாப்பிரிக்காவுல நாங்க இருக்கற ஜோபர்க் (ஜோகன்னஸ்பர்க்) திரும்பினதுல இருந்து பாக்கறவங்க எல்லாரும் கேக்கறது ஒரே கேள்விதான். மான்ஹாட்டன் நடுவுல, கிராண்ட் சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷ நடையில, நாலு ஸ்டார் ஓட்டல் ஒரு ராத்திரிக்கு 163 டாலருக்கு எப்படிக் கிடைச்சுது, யாராச்சும் தெரிஞ்சவங்க அங்க வேலை பாக்கறாங்களான்னு. யாரும் இல்லைங்க. ப்ரைஸ்லைன்ல ஏலம் கேட்டு எடுத்தது. ஒவ்வொருத்தருக்கும் வாட்ஸப்ல தனித்தனியா சொல்லி முடியல, அதனால மொத்தமா எழுதிடறேன், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

மொதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. ப்ரைஸ்லைன் அமெரிக்காவுல 1998-ல இணையத்துல வந்த கம்பெனி, நம்ம எல்லாரும் யூஸ் பண்ற புக்கிங் டாட் காம் கூட இவங்க 2005-ல வாங்கினதுதான். அப்ப அதுல நேம் யுவர் ஓன் ப்ரைஸ்னு ஒரு முறை இருந்துச்சு, இப்ப அது கிடையாது, ஏலத்தைப் பத்தி கீழ சொல்ற ரூலெல்லாம் அன்னைக்கு இருந்தபடி. எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பகுதி, எத்தனை ஸ்டார், எந்தத் தேதி, இவ்வளவும் நாம சொல்லணும், விலையையும் நாமதான் சொல்லணும். ஓட்டல் பேரு மட்டும் தெரியாது. நாம சொன்ன விலைக்கு அந்தப் பகுதியில அந்த ஸ்டார்ல யாராச்சும் ஒத்துக்கிட்டா அந்த நிமிஷமே கார்டுல பணம் போயிடும், அதுக்கப்புறம்தான் ஓட்டல் பேரே திரையில வரும். பிடிக்கலைன்னாலும் கேன்சல் கிடையாது, தேதி மாத்த முடியாது, பணம் திரும்ப வராது.

இத அம்மாகிட்ட சொன்னப்போ அவங்க கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, தண்ணிக்குள்ள கிடக்கிற எருமைக்குக் கரையில நின்னு விலை பேசுவாங்களா?" நியாயமான கேள்விதான். ஆனா அவங்களுக்கே தெரிஞ்ச ஒண்ண வெச்சுதான் நான் புரிய வெச்சேன். எங்க தாத்தா மேலப்பாளையம் சந்தைக்குப் போனா துண்டுக்குள்ள கைய விட்டு விரலப் பிடிச்சுத்தான் விலை பேசுவாரு, வாய்ல ஒரு வார்த்தை வராது. ஏன்னா பக்கத்துல நிக்கிற ஆளுக்கு அந்த விலை தெரிஞ்சிட்டா அடுத்த மாட்டுக்கும் அதே விலைதான் கேப்பான். ஓட்டல்காரனுக்கும் அதே கதைதான். இன்னைக்கு ராத்திரி காலியாக் கிடந்த ரூமை நாளைக்கு விக்க முடியாது, அது போனது போனதுதான். ஆனா 289 டாலர்னு வெப்சைட்ல போட்டிருக்கிற ரூமை 163-க்குத் தர்றேன்னு தன் பேரைப் போட்டு வெளிய சொன்னா 289 கொடுத்தவன் சண்டைக்கு வருவான். அதனால பேரை மறைச்சு, துண்டுக்குள்ள விரலப் பிடிச்சு விக்கறான். இதச் சொன்னதும் அம்மா அப்புறம் எதுவும் கேக்கல, "அப்ப எந்த விரலுன்னு பாத்துப் பிடி"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஏன் ஓட்டலேன்னு கேப்பீங்க, அண்ணன் எடிசன்லதான் இருக்கான். நியூஜெர்சி. அங்க பத்து நாள் இருந்தோம், நல்லா பாத்துக்கிட்டாங்க அண்ணி. ஆனா எடிசன்ல இருந்து மான்ஹாட்டன் போக ட்ரெயின்ல மட்டும் ஒரு மணி நேரம் கிட்ட ஆகும், அதுக்கு முன்ன ஸ்டேஷனுக்குக் கார், போய் இறங்கினா படிக்கட்டு, சாயந்திரம் திரும்ப இதே பாடு. அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, காலையில நல்லா நடப்பாங்க, மத்தியானம் ஒரு மணிக்கு மேல படுத்தே ஆகணும், அப்புறம் அஞ்சு மணிக்கு மறுபடி நடப்பாங்க. அதாவது நடுவுல வந்து படுத்து எந்திரிக்கிற மாதிரி ஒரு இடம் வேணும். அதான் நாலு ராத்திரி மான்ஹாட்டன்லயேன்னு முடிவு பண்ணோம். ஒரு டாலர் நம்ம காசுல பத்தரை ராண்டுக்கு மேல போயிட்டிருந்த நேரம், முழு விலை கொடுக்கற நிலைமை இல்ல.

இடத்தைப் பத்தி நான் இவ்வளவு பிடிவாதமா இருந்ததுக்குக் காரணம் 2011. ஆபீஸ் ட்ரெய்னிங்குக்கு சிகாகோ போனேன், ஜனவரி மாசம், ஓட்டலை நாமளே எடுத்துக்கணும், ஆபீஸ் ஒரு தொகை கொடுத்துடும். இதே மாதிரி பேரு தெரியாம எடுக்கற வேற ஒரு தளத்துல போனேன். நிறைய பகுதியை டிக் பண்ணா கிடைக்கிற சான்ஸ் அதிகம்னு நெனச்சு மூணு நாலு பகுதிய டிக் பண்ணிட்டேன். கிடைச்சுது. ஏர்போர்ட் பக்கத்துல. ட்ரெய்னிங் ஊர் நடுவுல, லூப்ல. தினமும் ப்ளூ லைன்ல முக்கா மணி நேரம் போக, முக்கா மணி நேரம் வர, பனியில பிளாட்ஃபார்ம்ல நின்னு நின்னு நாலாவது நாள் காய்ச்சல் வந்திடுச்சு. ஓட்டல் என்னவோ நல்ல ஓட்டல்தான், பெட்டு, பாத்ரூம் எல்லாம் சுத்தம். ஆனா அந்த அஞ்சு நாள்ல சிகாகோ ஏரிய நான் ஒரு தடவை கூட பாக்கல. அன்னைக்கு முடிவு பண்ணது, இனிமே பகுதின்னா ஒண்ணே ஒண்ணுதான் டிக் பண்ணுவேன்னு.

இன்னொண்ணும் சொல்லணும். ஜோபர்க்ல இருக்கற நமக்கு நல்ல லொகேஷன்னா கேட் போட்ட காம்ப்ளெக்ஸ், உள்ளுக்குள்ள பார்க்கிங், ஹைவேக்குப் பக்கம், இருட்டினப்புறம் ரோபோல, அதாவது ட்ராஃபிக் சிக்னல்ல, நிக்காம வீட்டுக்குள்ள போயிடலாமான்னு பாக்கறது. கௌட்ரெயின் வந்தப்புறம்தான் ஸ்டேஷனுக்குப் பக்கம்ங்கற பேச்சே நம்ம வாயில வந்துச்சு. மான்ஹாட்டன்ல அப்படி யோசிக்கக் கூடாது, அங்க கார் ஒரு பாரம். எந்த ட்ரெயின், எந்த பஸ், அது எங்க போவுது, படிக்கட்டா லிஃப்ட்டா, இதான் லொகேஷன். டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் எடு, அதான் சென்டர்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு அது சென்டர் இல்ல. எங்க லிஸ்ட்ல இருந்தது ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், லெக்சிங்டன் அவென்யூல இருக்கற நம்மூர் சாப்பாட்டுக் கடைங்க, யூனியன் ஸ்கொயர் காந்தி சிலை, அப்புறம் மே மாசம்தான் புதுசா தெறந்திருந்த 9/11 மியூசியம். இதையெல்லாம் மேப்ல புள்ளி வெச்சுப் பாத்தேன். ஃப்ளஷிங்குக்குப் போறது 7-ம் நம்பர் ட்ரெயின், அது கிராண்ட் சென்ட்ரல் வழியாப் போவுது. கீழ டவுன்டவுனுக்குப் போற 4, 5 ட்ரெயினும் கிராண்ட் சென்ட்ரல். லெக்சிங்டன்ல பஸ்ஸும் இருக்கு. கோலம் போடற மாதிரி புள்ளிய எல்லாம் சேத்துப் பாத்தா நடுவுல வந்து நிக்கிறது மிட்டவுன் ஈஸ்ட்தான். கிராண்ட் சென்ட்ரல்ல லிஃப்ட்டும் இருக்கு, அதுவும் முக்கியம், ஏன்னா நியூயார்க் சப்வேல பாதிக்கு மேல ஸ்டேஷன்ல லிஃப்ட் கிடையாது, இத ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னயே பாத்து வெச்சுக்கணும்.

டர்பன்காரங்க இத உடனே புரிஞ்சுக்குவாங்க. ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு வர்ற சொந்தக்காரங்க உம்ஷ்லாங்கால கடலைப் பாத்த மாதிரி அழகான ஓட்டல்ல தங்குவாங்க. கோயில் ஊருக்குத் தெக்க, ஓட்டல் ஊருக்கு வடக்க, அந்தக் கூட்டத்துல காலையில கார எடுத்துக்கிட்டு ஊரையே தாண்டிப் போகணும். ஓட்டல் மேல தப்பு ஒண்ணும் இல்ல, வந்த வேலைக்கு அது லொகேஷன் இல்ல, அவ்வளவுதான்.

சரி, ஏலத்துக்கு வர்றேன். ராத்திரி பத்து மணி எங்களுக்கு, அண்ணனுக்கு சாயந்திரம் நாலு, ஸ்கைப்ல உக்காந்தோம். அவன் கார்டுல போட்டோம், ஏன்னா என் ராண்டு கார்டுல டாலர் கட்டினா பேங்க் மாத்தற காசுன்னு தனியா ஒண்ணு புடிக்கும். ஆனா தங்கறவங்க பேருன்னு கேக்கற இடத்துல என் பேரை பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போட்டேன், இத மறந்துடாதீங்க, அங்க போய் கவுண்டர்ல நிக்கப் போறது நீங்கதான்.

முதல்ல மிட்டவுன் ஈஸ்ட், நாலு ஸ்டார், 130 டாலர். கிடைக்கல. இங்கதான் ஒரு விஷயம். ஒரு தடவை கேட்டு கிடைக்கலைன்னா அதே பகுதி, அதே ஸ்டார், அதே தேதிக்கு 24 மணி நேரம் கழிச்சுத்தான் மறுபடி கேக்க முடியும்னு அப்ப இருந்துச்சு. சும்மா அஞ்சு அஞ்சு டாலரா ஏத்திக்கிட்டே போயி ஓட்டல்காரன் அடிவிலையக் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு அந்த ரூல். ஆனா எதையாச்சும் ஒண்ண மாத்தினா உடனே கேக்கலாம், ஸ்டாரைக் குறைக்கலாம் இல்ல புதுசா ஒரு பகுதிய சேக்கலாம். நான் ஒரே பகுதிதான்னு சத்தியம் பண்ணவ, பகுதியை எப்படிச் சேக்கறது?

வழி இருந்துச்சு. ஊர்ல எல்லாப் பகுதியிலயும் நாலு ஸ்டார் ஓட்டல் இருக்காது. நாலு ஸ்டாரே இல்லாத ஒரு பகுதிய சேத்துக்கிட்டா, சேத்த மாதிரியும் ஆச்சு, அங்க போய் மாட்டிக்கவும் மாட்டோம், ஏன்னா நாம கேக்கறது நாலு ஸ்டார், அங்க அதுக்குக் கீழதான் இருக்கு. எந்தப் பகுதியில இல்லைன்னு எப்படித் தெரியும்? அந்தப் பகுதியை மட்டும் தனியா டிக் பண்ணிப் பாத்தா எந்த ஸ்டார் வரைக்கும் கேக்க முடியும்னு திரையிலயே காட்டும், நாலு ஸ்டாரை அமுக்க முடியலைன்னா அங்க நாலு ஸ்டார் இல்லைன்னு அர்த்தம். இத ஒவ்வொரு பகுதிக்கும் முன்னாடியே பாத்து ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கணும், அவசரத்துல ஞாபகத்துல இருந்து பண்ணக் கூடாது. இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஒரு டிக் தப்பாப் போனா நீங்க எங்க போய் நிப்பீங்கன்னு சொல்ல முடியாது, பணமும் திரும்ப வராது. அண்ணன் ஒரு தடவை படிப்பான், நான் ஒரு தடவை படிப்பேன், ரெண்டு பேரும் சரின்னு சொன்னப்புறம்தான் பட்டனை அமுக்கினோம்.

இப்படி ஒரு பகுதிய சேத்து 142. இல்ல. இன்னொண்ணு சேத்து 153. இதுக்கு அவங்க பக்கம் இருந்து ஒரு பதில் வந்துச்சு, இன்னும் கொஞ்சம் ஏத்தி 184 கொடுத்தா இப்பவே கிடைக்கும்னு. அண்ணன் உடனே எடுத்துடலாம்னான். எனக்குத் தோணுனது வேற, அவங்களா வந்து ஒரு விலை சொல்றாங்கன்னா நாம அடிவிலைக்குப் பக்கத்துல வந்துட்டோம்னு அர்த்தம், சந்தையில தரகர் விரலை விடாம பிடிச்சிருக்கற மாதிரி. வேண்டாம்னு தள்ளிட்டு கடைசியா கையில இருந்த ஒரு பகுதியையும் சேத்து 163 போட்டேன். திரையில அந்தச் சக்கரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஸ்கைப்ல ரெண்டு பக்கமும் பேச்சே இல்ல. அப்புறம் ஓட்டல் பேரு வந்துச்சு, லெக்சிங்டன் அவென்யூ, நாப்பதுகள்ல (அங்க தெருவுக்கு நம்பர்தான் பேரு) ஒரு தெரு. மேப்பத் தெறந்து கிராண்ட் சென்ட்ரலுக்கு எவ்வளவு தூரம்னு பாத்ததும் நான் போட்ட சத்தத்துல பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்த அம்மா எந்திரிச்சு வந்துட்டாங்க.

விலைய முழுசாச் சொல்லிடறேன், ஏன்னா 163-ன்னு மட்டும் சொன்னா அது முழு உண்மை இல்ல. நியூயார்க்ல ஓட்டலுக்கு வரி 14.75 சதவீதம், அதுக்கு மேல ஒரு ராத்திரிக்கு மூணரை டாலர், அதோட இவங்க சேவைக் கட்டணமும் சேரும். நாலு ராத்திரிக்கு எல்லாம் சேத்து 775 டாலர் சுமாருக்கு வந்துச்சு. அதே தேதிக்கு அதே ஓட்டல் வெப்சைட்ல 289, வரியோட நாலு ராத்திரிக்கு 1,340 ஆகியிருக்கும். வித்தியாசம் 565 டாலர், நம்ம காசுல ஆறாயிரம் ராண்டு. எனக்கு அது பெரிய தொகை.

இப்ப ஓட்டலைப் பத்தி. பேரு போடல, ஏன்னா சொல்லப் போறதுல ரெண்டு மூணு குறையும் இருக்கு, அது அந்த ஓட்டலோட குறைன்னு இல்லாம இந்த முறையோட சேந்தே வர்றதுன்னு நெனைக்கறேன். ஏலத்துல கிடைச்சது ரெண்டு பேர் தங்கற மாதிரி ஒரு ரூம், அவ்வளவுதான் உத்தரவாதம். ஒரு கட்டிலா ரெண்டு கட்டிலான்னு சொல்ல மாட்டாங்க. நாங்க போனப்போ கவுண்டர்ல ஒரே பெரிய கட்டில் போட்ட ரூமைத்தான் கொடுத்தாங்க. அம்மா ராத்திரி மூணு தடவை எந்திரிப்பாங்க, முட்டியில தைலம் தேய்ப்பாங்க, அவங்களுக்குத் தனிக் கட்டில் வேணும். நான் கிளம்பறதுக்கு ரெண்டு நாள் முன்னயே ஓட்டலுக்கு ஃபோன் போட்டு சொல்லியிருந்தேன், குறிச்சு வெச்சிருக்கோம் ஆனா உறுதி இல்லைன்னு சொல்லியிருந்தாங்க. அங்க நின்னு பொறுமையா மறுபடி கேட்டேன், அம்மா பக்கத்துல பெஞ்சுல காலை நீட்டி உக்காந்திருந்தாங்க, அந்தப் பொண்ணு அவங்கள ஒரு பார்வை பாத்துட்டு கம்ப்யூட்டர்ல ஏதோ தேடி நாப்பது நிமிஷம் வெயிட் பண்ணுங்கன்னுச்சு. ரெண்டு கட்டில் ரூம் கிடைச்சுது. ஒன்பதாவது மாடி, ஜன்னலைத் தெறந்தா எதிர்க் கட்டடத்துச் சுவரு. வெளிச்சம் கம்மி. எங்களுக்கு அது பரவாயில்ல, ஜன்னல்ல உக்காரவா போனோம். ஆனா கல்யாணமான புதுசுல போறவங்க, ஊரைப் பாத்த மாதிரி ரூம் வேணும்னா பேரு தெரியாம எடுக்காதீங்க, நல்ல ரூமை முழு விலை கொடுத்தவங்களுக்குத்தான் வெச்சிருப்பாங்க.

வைஃபைக்கு ஒரு நாளைக்கு தனிக் காசு கேட்டாங்க, நாங்க வாங்கல, லாபியில இலவசமா வந்துச்சு. ஊர்ல இருந்து கொண்டு போன கார்டுல ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு டெபாசிட் மாதிரி பிடிச்சு வெச்சாங்க, திரும்பி வந்தப்புறம் ஒரு வாரத்துல விட்டுட்டாங்க, அந்த அளவுக்கு கார்டுல இடம் வெச்சுக்கிட்டுப் போங்க. கெட்டில் கிடையாது, காப்பி மெஷின் மட்டும்தான், அதுல வெறும் தண்ணிய ஓட விட்டு சூடு பண்ணி நாங்க கொண்டு போன ரூயிபோஸ் டீ பையைப் போட்டு ரஸ்க்கோட குடிச்சோம். அம்மாவுக்கு இங்க வந்து பழகின பழக்கம் அது, இப்ப பால் டீயே வேண்டாங்கறாங்க.

ஆனா அந்த இடம் இருக்கே. காலையில ஏழரைக்கு வெளிய வந்தா லிஃப்ட் பிடிச்சு கீழ 7-ம் நம்பர் ட்ரெயின், முக்கா மணி நேரத்துக்குள்ள ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட், அதான் கடைசி ஸ்டேஷன், எங்க இறங்கறதுன்னு பதறவே வேண்டாம், அங்கயும் லிஃப்ட் இருக்கு. குவீன்ஸ் வந்ததும் ட்ரெயின் மேல ஏறிடும், வீட்டு மொட்டை மாடியெல்லாம் பாத்துக்கிட்டே போகலாம். அங்க இருந்து டாக்ஸில பவுன் ஸ்ட்ரீட். அந்தப் பிள்ளையார் கோயில் 1977-ல கும்பாபிஷேகம் ஆனது, கோபுரத்தைத் தெருமுனையில இருந்து பாத்ததும் அம்மா டாக்ஸியிலயே கை கூப்பினாங்க. பிரிட்டோரியா மாரியம்மன் கோயில் கோபுரத்தை முதல்ல பாத்தப்பவும் அப்படித்தான் பண்ணாங்க, கடல் தாண்டி வந்தப்புறம் ஒரு கோபுரத்தைப் பாக்கறது தனி. தரிசனம் முடிச்சு கீழ கேன்டீன்ல தோசை, அதைப் பத்தி தனியாவே எழுதலாம், மொறு மொறுன்னு, சாம்பார்ல காயம் வாசனை. பன்னெண்டரைக்கு ரூமுக்குத் திரும்பி வந்து அம்மா படுத்துட்டாங்க. நான் கணக்குப் போட்டு வெச்சிருந்தது இதத்தான், கோயில் போயிட்டு வந்து மத்தியானம் காலை நீட்டிப் படுக்கறது. எடிசன்ல இருந்து வந்திருந்தா அந்த நேரத்துக்கு ஏதாவது ஒரு பிளாட்ஃபார்ம் பெஞ்சுல உக்காந்திருப்போம்.

சாயந்திரம் லெக்சிங்டன்ல பஸ். அந்த ரோடு தெக்க மட்டும்தான் போகும், ஓட்டல் வாசல்ல ஏறினா நேரா இருபதுகள்ல இறங்கிடலாம், திரும்பி வர்ற பஸ் பக்கத்து ரோடு, தேர்ட் அவென்யூல. பஸ்ஸு நின்னதும் முன்பக்கம் கீழ தாழும், அம்மா ஏற சௌகரியமா இருந்துச்சு, டிரைவருங்க அவங்க உக்காருற வரைக்கும் வண்டியை எடுக்கல, நாலு நாளும் இதப் பாத்தேன். 26-வது தெரு முனையில சரவண பவன். அதுக்கு மேல 28-க்கும் 29-க்கும் நடுவுல கலுஸ்ட்யன்ஸ்னு ஒரு மளிகைக் கடை, 1944-ல இருந்து இருக்கு, நம்ம புளி, கருவேப்பிலை, அப்பளம் எல்லாம் கிடைக்கும். அந்தக் கட்டடத்துலதான் 1881-ல செஸ்டர் ஆர்தர் அமெரிக்க ஜனாதிபதியா பதவி ஏத்துக்கிட்டாரு, அவரோட வீடா இருந்துச்சாம் அது. ஜனாதிபதி சத்தியம் பண்ண வீட்டுல இப்ப பெருங்காயம் விக்கறாங்கன்னு அம்மா வீட்டுக்கு ஃபோன் பண்ணிச் சொன்னாங்க.

பஸ்ஸுக்கும் சப்வேக்கும் ஏழு நாள் மெட்ரோகார்டு அப்ப ஆளுக்கு 30 டாலர், நாங்க இருந்தது நாலு நாள்தான்னாலும் அதான் லாபமா இருந்துச்சு, ஒரு தடவை ஏற அப்ப ரெண்டரை டாலர், நாங்க ஒரு நாளைக்கு நாலு தடவைக்குக் குறையாம ஏறினோம். ஒருத்தர் கார்டை இன்னொருத்தருக்கு உடனே தேய்க்க முடியல, ஆளுக்கு ஒண்ணு வாங்க வேண்டியிருந்துச்சு. அதே பஸ்ல இன்னும் கீழ 14-வது தெரு போய் கொஞ்சம் நடந்தா யூனியன் ஸ்கொயர். அங்க காந்தி சிலை 1986-ல வெச்சது, தடி ஊனி நடக்கற காந்தி. நம்ம ஜோபர்க் காந்தி ஸ்கொயர்ல இருக்கறது வக்கீல் அங்கி போட்ட வயசுப் பையன் காந்தி. ரெண்டையும் பாத்தவங்களுக்குத் தெரியும், ஒரு ஆளு எங்க ஆரம்பிச்சு எப்படி ஆனாருன்னு. அம்மா அந்தச் சிலைக்குக் கீழ பெஞ்சுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க, நான் அவசரப்படுத்தல, ஓட்டல் பக்கத்துலதானே. 9/11 மியூசியத்துக்கு ஒரு காலை போனோம், உள்ள நிறைய நடக்கணும், முட்டி வலி இருக்கறவங்க சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கிறது நல்லது.

ஏலம் யாருக்கு ஒத்துவரலைன்னும் சொல்லணும். குழந்தைங்களோட நாலு பேரா போறவங்க யோசிக்க வேண்டியிருந்துச்சு, ரெண்டு பேருக்கு மேல இடம் தர அவங்களுக்கு கட்டாயம் இல்ல, ரெண்டு ரூம் கேட்டா விலை டபுள். விசா இன்னும் கைக்கு வராதவங்க தொடவே கூடாது, விசா வரலைன்னா மொத்தப் பணமும் போச்சு, நான் பாஸ்போர்ட் திரும்பக் கைக்கு வந்த அன்னைக்குத்தான் ஏலத்துல உக்காந்தேன். ஓட்டல் பாயின்ட்ஸ் சேக்கறவங்களுக்கும் இதுல பாயின்ட் வராது. அப்புறம் குறிப்பிட்ட ஒரு கட்டடம்தான் வேணும், கல்யாண மண்டபம் இருக்கற அதே ஓட்டல்தான் வேணும்னா பேசாம நேரா புக் பண்ணிடுங்க. ஏலத்துக்குப் பயந்தவங்களுக்கு ப்ரைஸ்லைன்லயே எக்ஸ்பிரஸ் டீல்ஸ்னு ஒண்ணு இருக்கு, ஹாட்வயர்லயும் அதே மாதிரி, விலையும் பகுதியும் ஸ்டாரும் தெரியும், பேரு மட்டும் தெரியாது, கேட்டுக் கேட்டு ஏத்தற வேலை இல்ல. நான் ஏலத்துக்கு முந்தின நாள் அதுல மிட்டவுன் ஈஸ்ட் நாலு ஸ்டார் என்ன விலைன்னு பாத்து வெச்சுக்கிட்டேன், 198 இருந்துச்சு, அதுக்கு மேல ஏலத்துல போகக் கூடாதுன்னு ஒரு வரம்பு கிடைச்சுது. 130-ல ஆரம்பிச்சதும் அத வெச்சுத்தான். இந்த ஒரு வேலைய மட்டும் செஞ்சாலே பாதிப் பயம் போயிடும்.

கடைசி நாள் பதினோரு மணிக்கு ரூமைக் காலி பண்ணிட்டு பெட்டிங்களை பெல் டெஸ்க்ல விட்டோம். ஜேஎஃப்கே ஏர்போர்ட்டுக்கு மான்ஹாட்டன்ல இருந்து டாக்ஸி அப்ப 52 டாலர்னு நிலையான விலையா இருந்துச்சு, டோலும் டிப்ஸும் தனி, எந்தத் தெருவுல இருந்து ஏறினாலும் அதேதான், அதனால டாக்ஸிய ஓட்டல் வாசலுக்கே வரச் சொல்லியிருந்தோம். அப்ப அம்மா, "ஏட்டி, அந்த ஸ்டேஷன் கூரைய இன்னொருக்க பாத்துட்டு வந்துருவமா"ன்னாங்க. கிராண்ட் சென்ட்ரல் பெரிய ஹால்ல மேல நீலமா வானம் வரைஞ்சு நட்சத்திரக் கூட்டமெல்லாம் தங்கத்துல போட்டிருக்கும், எடவலம் மாறி வரைஞ்சதுன்னு சொல்வாங்க, அம்மா தினமும் போகும்போதும் வரும்போதும் நின்னு அண்ணாந்து பாப்பாங்க. நடந்தே போனோம். சுவரோரமா ஒதுங்கி நின்னு கார்த்திகை எங்க இருக்குன்னு விரலை நீட்டித் தேடிக்கிட்டு இருந்தாங்க, கூட்டம் ரெண்டு பக்கமும் போயிட்டே இருந்துச்சு. திரும்ப ஓட்டல் வாசலுக்கு வந்தப்போ டாக்ஸி வர இன்னும் இருபது நிமிஷம் இருந்துச்சு.